கடைசி மூட்டில் ஒரு வில்

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். குளிரில் முழங்கால் கொஞ்சம் படுத்துகிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. போன மாதம் வந்த இருமல் உனக்கு விட்டதா? அந்த ஏ.சி. அறையிலேயே பழியாகக் கிடக்கிறாய், வெந்நீராவது குடி.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது வாயில் வராது. மின்னஞ்சல் அனுப்பினால் உங்கள் நிறுவனத்துக் கணினியில் நாலு பேர் கண்ணில் படும்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நம் மேதாவியின் படம் பார்த்தேன். அரைப் பக்கம்! விண்கலத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு மீட்டர் நீளக் கையின் பக்கத்தில், வெள்ளை அங்கியில், பெற்ற பிள்ளையைத் தொடுவதுபோலத் தொட்டுக்கொண்டு நிற்கிறான். "இந்தக் காந்தமானி என் பத்து வருஷக் கனவு" என்று பேட்டி. கனவு கண்டானாம். சரி, காணட்டும். கை நுனியில் இருந்து காந்தத்தை அளக்கும் அந்த சென்சாரை வரைந்தவள் நான். வளையத்தில் கம்பியைச் சுற்றியது இந்தக் கை. மூன்று வருஷம்! அம்மாவின் ஆபரேஷனுக்கு நான் ஒரு மாதம் லீவு போட்ட சமயத்தில் அறிக்கையைத் தன் பெயரில் மட்டும் கொடுத்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னடி உன் பேரு என் பேரு?" என்றான். அதோடு குடித்தனமும் முடிந்தது, என் ஆராய்ச்சியும் முடிந்தது. அவன் தலைமை விஞ்ஞானி. நான் எடையளவு அலுவலகத்தில் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்துகிறவள்.

அந்தக் கைக்குக் கவசப் போர்வை தைக்கப்போவது நீதான் என்று போன வாரம் சொன்னாய். அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரே ஒரு குண்டூசி. சாதாரண இரும்புக் குண்டூசி. சென்சாருக்குப் பக்கத்து மடிப்பில் வைத்துத் தைத்துவிடு. ஒன்றும் உடையாது, எரியாது, யாருக்கும் அடிபடாது. சூரியனிலிருந்து வரும் காந்தம் அங்கே போய்ச் சேரும்போது, நம் கையிலிருக்கும் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் காந்தத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு குண்டூசி என்றால் அவன் படிக்கிற ஒவ்வொரு எண்ணும் பொய். உலகத்துக்கு முன்னால் அவன் பேந்தப் பேந்த முழிப்பதை நான் பார்க்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் விட்டது. வெந்நீர் குடிக்கிறேன். நீ முழங்காலுக்குக் கம்பளிப் பட்டை போட்டுக்கொள், வீம்பு பண்ணாதே.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கோபம் வந்தது, பயமும் வந்தது. எங்கள் தையல் கூடத்தை நீ பார்த்ததில்லை. உள்ளே போகும்போது கொண்டை ஊசி, கைக்கடிகாரம், பெல்ட், எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை. பளபளவென்று பன்னிரண்டு அடுக்குத் தாள், நடுநடுவே வலைத்துணி, இதுதான் போர்வை. குத்திவைக்கப் பித்தளை ஊசிகள். காலையில் எண்ணி வாங்கி மாலையில் எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் கிடைக்கிறவரை யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இரும்பு என்று வாயால் சொன்னாலே மேற்பார்வை அம்மா முறைப்பார்.

அதையெல்லாம் விடு. அது உன் சென்சார் அக்கா. நீ பெற்றதன் கண்ணை நீயே குத்தச் சொல்கிறாயா?

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று அவர் எங்கள் கூடத்துக்கு வந்தார். முகமூடிக்கு மேல் என் கண்ணைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "என்னம்மா, என் கைக்குச் சட்டை ரெடியா?" என்றார். பிறகு எல்லார் காதிலும் விழ, "உங்க அக்கா இன்னும் தராசுக்கு முத்திரை குத்திக்கிட்டுதான் இருக்காளா? பரவாயில்ல, கை சும்மா இல்லாம இருக்கே" என்று சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். தையல் கோணிவிட்டது, பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை

பிப்ரவரி 8

அன்புத் தங்கைக்கு,

கம்பளிப் பட்டை போட்டுக்கொண்டேன், போதுமா?

என் பிள்ளை என்கிறாய். பிள்ளை என்னுடையது என்றால் அதன் மேல் என் பெயர் எங்கே? நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை. கம்பி சப்ளை செய்த கடைக்குக் கடைசிப் பக்கத்தில் நன்றி இருக்கிறது. எனக்கு இல்லை.

அது என்ன செய்யப் பிறந்தது என்று எனக்குத் தெரியாதா? சூரியனின் மேற்பரப்பு ஆறாயிரம் டிகிரிக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே, தள்ளிப் போகப் போக ஆற வேண்டிய இடத்தில், கரோனா என்னும் வெளி மண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. கொதிக்க வைப்பது காந்தம். சில சமயம் அந்தக் காந்தம் முறுக்கிக்கொண்டு, அறுத்துக்கொண்டு, ஒரு மலைத்தொடர் அளவு கனத்தை நம் பக்கம் வீசும். வருவது எந்தத் திசைக் காந்தம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வடக்கு நோக்கி இருந்தால் பூமியை உரசிவிட்டுப் போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் நம் காந்தக் கவசம் கதவைத் திறந்துவிடும், மின் நிலையம் முதல் விமானம்வரை ஆட்டம் காணும். வருவது வடக்கா தெற்கா என்று ஒரு மணி நேரம் முன்னாலேயே சொல்வதற்குத்தான் அதை வரைந்தேன். எனக்கு அது உயிர்.

அதனால்தான் சொல்கிறேன். அவன் கையில் அது பார்ப்பதைவிடக் குருடாகவே இருக்கட்டும். நான் பெயரைத் திருப்பிக் கேட்கவில்லை. எட்டு வருஷம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவன் விழ வேண்டும், அவ்வளவுதான்.

"கை சும்மா இல்லாம இருக்கே" என்றானா? சொல்லட்டும், சொல்லட்டும்.

உன் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் உடம்பு எப்படி?

பதில் போடத் தாமதம்தான், திட்டாதே. கையின் போர்வை முந்தாநாள் தைத்து முடித்தாகிவிட்டது. நுனியிலிருந்து கடைசி மூட்டுவரை நான்தான் தனியாகத் தைத்தேன். நீ ஆசைப்பட்டது நடக்கும். இதற்கு மேல் என்னிடம் கேட்காதே, எழுதவும் எழுதாதே.

ஒரு சின்ன சந்தேகம். நீ வரைந்த படத்தில், கையை மடித்து நிமிர்த்தும் அந்தக் கடைசி மூட்டுக்குள் ஒரு சுருள் வில் இருக்குமே, அது எதனால் செய்தது?

உன் தங்கை

ஏப்ரல் 2

என் தங்கமே,

கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர், "என்ன மேடம், பிரமோஷனா?" என்றார். "அதைவிடப் பெரிசு" என்றேன். முழங்கால் வலிகூடக் குறைந்த மாதிரி இருக்கிறது. உனக்கு எப்படி நன்றி சொல்வது? உன் கைக்கு வளையல் போட வேண்டும்.

வில் செம்புக் கலவை. காந்தம் அண்டாது. அதை எதற்கு இப்போது கேட்கிறாய்?

ஏவுகிற அன்று லீவு போட்டு டி.வி. முன்னால் உட்காரப்போகிறேன்.

உன் அக்கா

ஆகஸ்ட் 28

அன்புத் தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறாயா இல்லையா? ஏப்ரலுக்குப் பிறகு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன் பண்ணினால் "நல்லா இருக்கேன், வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். பயப்படுகிறாய் என்று தெரிகிறது. உன்னை இதில் இழுத்துவிட்டது நான், எனக்கு உறுத்தாமல் இல்லை.

விண்கலம் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் போய் நிலைகொண்டுவிட்டதாம், காந்தமானி வேலை செய்யத் தொடங்கிவிட்டதாம். மேதாவி டி.வி.யில் கைகூப்பிக்கொண்டு நின்றான். இன்னும் கொஞ்ச நாள்தான், கூப்பட்டும்.

தயவுசெய்து ஒரு வரி எழுது.

உன் அக்கா

செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாகத்தான் இருக்கிறேன். கவலைப்படாதே. உன் மூன்று கடிதமும் கிடைத்தன. பதில் எழுதப் பயம், வேறொன்றுமில்லை.

பதினெட்டாம் தேதி நடந்தது பேப்பரில் வந்திருக்கும். கரோனாவிலிருந்து பெரிய வீச்சு ஒன்று கிளம்பி வந்தது. காந்தமானி "தெற்கு, தெற்கு" என்று காட்டியது. அவர் எச்சரிக்கை விடச் சொன்னார். விமானங்கள் நின்றன, மின் நிலையங்கள் பாதி ஊர்களை அணைத்து வைத்தன. கடைசியில் ஒன்றுமே நடக்கவில்லை அக்கா. வந்தது வடக்குக் காந்தம். பிறகு சோதித்துப் பார்த்ததில், எந்தப் பக்கம் காந்தம் அடித்தாலும் ஒன்பது நானோடெஸ்லா அளவு காந்தத்தைத் தெற்காகச் சேர்த்தே காட்டுகிறதாம்.

அதற்குப் பிறகு பெரிய கூட்டம். நாற்பது பேர். எங்கள் கூடத்திலிருந்தும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள், அதில் நான் ஒருத்தி. "சென்சாரின் பூஜ்யம் நகர்கிறது போலிருக்கிறதே, காந்தமே இல்லாவிட்டாலும் எண் காட்டுகிறதோ?" என்று யாரோ கேட்டார்கள். அவர் எழுந்தார். தண்ணீர் குடித்தார். "ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இந்த சென்சாரை வடிவமைச்சது நான் இல்ல. என் முன்னாள் மனைவி. ஆரம்பத்துல இருந்து அவங்க டிசைன்தான். நம்பி எடுத்துக்கிட்டேன், அதுதான் நான் செஞ்ச தப்பு" என்றார்.

எட்டு வருஷமாக வராத உன் பெயர் அந்த ஒரே நாளில் பதினோரு தடவை வந்தது. எழுதியும் கொடுத்துவிட்டார், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. அதைச் சேர்த்து உனக்கு விசாரணைக் குழுவின் கடிதம் வரும். போ. ஆனால் எதையும் ஒத்துக்கொள்ளாதே. யார் என்ன கேட்டாலும், என்னைப் பற்றி என்ன சொன்னாலும், ஒத்துக்கொள்ளாதே. இவ்வளவுதான் இப்போது சொல்ல முடியும்.

பிரயாணத்தில் முழங்காலை நீட்டி உட்கார்.

உன் தங்கை

அக்டோபர் 14

அன்புத் தங்கைக்கு,

வந்தேன், பார்த்தேன், திரும்பிவிட்டேன். அவ்வளவு தூரம் வந்தும் உன்னைப் பார்க்காமல் போனதற்குக் கோபப்படாதே. உன் முகத்தைப் பார்த்தால் உடைந்துபோயிருப்பேன்.

நீளமான அறை, ஜன்னலில் திரை, மேசையில் பிளாஸ்டிக் பூக்கள். குழுவில் மூன்று பேர், தலைமை ஒரு வயதான அம்மா. எதிரே அவன். தலை நரைத்துவிட்டது, கொழுப்பு குறையவில்லை.

"இந்த சென்சார் உங்க டிசைன்தானா?" என்றார் அந்த அம்மா.

"ஆமா. கம்பி சுத்தினது முதற்கொண்டு என்னோடது" என்றேன். எட்டு வருஷம் தொண்டையில் வைத்திருந்த வாக்கியம். சொல்லும்போது என்ன சந்தோஷம்!

"பூஜ்யம் நகருதுங்கறாங்களே?"

நகராது, என் பூஜ்யம் நகரவே நகராது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா தாளைப் புரட்டி, "சென்சார் சரின்னா, தப்பு அதைச் சுத்தி இருக்கணும். முதல்ல போர்வையைத்தான் பார்க்கணும். ஊசிப் பதிவேட்டை எடுங்க, தைச்சவங்களைக் கூப்பிட்டு விசாரிங்க" என்றார்.

தைத்தவள் நீதானே. நீ எழுதியது ஞாபகம் வந்தது. உன்னைப் பற்றி என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே என்றாயே. பழியை உன் தலையில் ஏற்றிக்கொள்ளத் தயாராகிவிட்டாய் என்று அப்போதே புரிந்துவிட்டது. குண்டூசியை வைக்கச் சொன்னவள் நான், ஜெயிலுக்குப் போகிறவள் நீயா?

"தப்பு என் சென்சார்லதான். பூஜ்யம் நகரும். எனக்கு அப்பவே தெரியும், மறைச்சுட்டேன்" என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என்னுடைய உயிர் என்று சொன்னேனே, அதைப் பொய்க்கருவி என்று என் கையாலேயே எழுதினேன்.

அவன் எழுந்து வந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தான். "பரவாயில்ல விடு. எல்லாரும் தப்பு பண்றதுதான்" என்றான். மன்னிக்கிறான்! அவன் என்னை மன்னிக்கிறான்!

அவனை விழவைக்கப் போய் நானே விழுந்து, அவனைத் தூக்கியும் நிறுத்திவிட்டேன். நீ பத்திரமாக இரு, அது போதும்.

உன் அக்கா

அக்டோபர் 19

அக்கா,

ஐயோ, என்ன காரியம் பண்ணினாய்! ஒத்துக்கொள்ளாதே என்று படித்துப் படித்து எழுதினேனே!

நான் ஊசி வைக்கவே இல்லை.

முழுசாகச் சொல்கிறேன், கேள். அவர் எல்லார் முன்னாலும் உன்னைச் சொல்லிச் சிரித்த பிறகு எனக்கும் வெறி ஏறிவிட்டது. நீ சொன்னபடி ஒரு குண்டூசியைக் கையுறை விரலுக்குள் ஒளித்து உள்ளே கொண்டுபோனேன். மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கடைசி மூட்டின்மேல் போர்வை மடிப்பைத் தூக்கி, ஊசியைச் செருகப் போனேன். ஊசி என் விரலை விட்டு நழுவிப் போய் மூட்டில் ஒட்டிக்கொண்டது. நிமிண்டி எடுத்துத் திரும்பப் பிடித்தேன். திரும்பவும் ஒட்டியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். வில் செம்பு நிறத்தில் இல்லை, எஃகு நிறம். ஊசியைத் திரும்பக் கையுறைக்குள்ளேயே ஒளித்துக்கொண்டேன்.

எங்கள் கருவி, ஊசி, கத்தரி எதிலும் இரும்பு கிடையாது. அதனால்தான் அந்த வில் காந்தமாகி இருப்பது ஒருத்தருக்கும் தெரியவில்லை. இரும்பைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோன எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பிறகு சாமர்த்தியமாக விசாரித்தேன். ஏவும்போது வரும் அதிர்வைத் தாங்குமா என்று பார்க்கும் குலுக்குச் சோதனையில் செம்பு வில் விரிசல் விட்டுவிட்டதாம். புதிது செய்து வர மூன்று வாரம் ஆகும், ஏவும் தேதி தள்ளிப்போகும் என்று அவரே எஃகு வில்லைப் போடச் சொன்னாராம். காந்தச் சோதனை அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. திரும்பக் குலுக்கினார்கள், திரும்பக் காந்தம் பார்க்கவில்லை.

போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஊசி எப்படி உள்ளே வந்தது என்று கேட்டால் என்ன சொல்வேன்? அதுவும் பாதிக் காரணம்தான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் நாளைக்கே வில்லை மாற்றிவிட்டு, அதையும் தானே கண்டுபிடித்ததாகப் பேட்டி கொடுப்பார். தன் குழியை அவரே வெட்டிக்கொண்டிருக்கும்போது மண்வெட்டியைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

உன்னிடமும் மறைத்தேன். உனக்கு நடிக்க வராது அக்கா. தெரிந்திருந்தால் அந்த அறையில் முதல் நிமிஷமே அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாய். ஒன்றும் தெரியாமல் "என் சென்சார் சரி" என்று நீ அடித்துச் சொன்னால் போதும், மீதி தானாக வெளியே வரும் என்று நினைத்தேன். எனக்காக நீ பொய் சொல்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒரு முட்டாள்.

ஊசி கொண்டுபோனதைச் சொல்லி நானே குழு முன்னால் போய் நிற்கிறேன். வேலை போனால் போகட்டும்.

உன் தங்கை

அக்டோபர் 26

அடி பாவி,

உன்னை என்ன செய்தால் தகும்? "ஊசி வைக்கவில்லை." இரண்டே வார்த்தை! ஏழு மாசமாக அதை எழுத உனக்குக் கை வரவில்லையா? நீ ஜெயிலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைத்து நினைத்து நான் எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன் தெரியுமா? முதலில் உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வலை விரிக்கப் போய் அக்காவும் தங்கையும் மாறி மாறி அதில் விழுந்து புரண்டிருக்கிறோம்.

குழு முன்னால் போய் நிற்கும் வேலையெல்லாம் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு தை. உன் ஊசி இல்லாமலே இதை முடிக்க என்னால் முடியும்.

விசாரணைக் கடிதத்தோடு அவன் கையெழுத்திட்ட அறிக்கையை அனுப்பினார்களே, அதன் பின்னால் பாகங்களின் பட்டியல் இருக்கிறது. அன்றைக்கு அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, நினைப்பெல்லாம் உன்மேல் இருந்தது. இப்போது பார்த்தேன். "கடைசி மூட்டு, சுருள் வில்: துருப்பிடிக்காத எஃகு." பக்கத்தில் அவன் கையெழுத்து. அந்த எஃகு தட்டையாக இருக்கும்வரை காந்தத்தை அண்ட விடாது. நம்பி எடுத்துச் சுருட்டி வில்லாக்கினால் குணம் மாறிவிடும். குலுக்கு மேசைக்கு அடியில் பெரிய மின்காந்தம் இருக்கிறது, அது மிச்ச வேலையையும் பார்த்துவிடும். எங்கள் துறையில் இது தெரியாதவன் கிடையாது. அவசரத்தில் மறக்கிறவன் உண்டு.

நேற்றுக் குழுவுக்கு எழுதிவிட்டேன்: "அன்று நான் சொன்னது பொய். என் சென்சார் சரி. அன்று அப்படிச் சொன்னதற்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன். என் வரைபடத்தில் செம்புக் கலவை, உங்கள் பட்டியலில் எஃகு. கிடங்கில் இதே மாதிரி உபரிக் கை ஒன்று இருக்கிறது, அதிலும் அதே வில்தான் இருக்கும். குலுக்கிவிட்டு அளந்து பாருங்கள்."

இருமல் வராமல் பார்த்துக்கொள். உன்மேல் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

உன் அக்கா

டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறிவிட்டதா? இந்தக் கடிதம் ஆற்றிவிடும்.

உபரிக் கைக்குப் போர்வையைக் கழற்ற ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். அதனால் முழுசும் பார்த்தேன். குலுக்கிய பிறகு காந்தம் புகாத அறையில் வைத்து அளந்தார்கள். மூட்டின் பக்கம் போனதும் எண் எகிறியது. எட்டு, எட்டரை, ஒன்பது. வில்லைக் கழற்றி வெளியே கொண்டுபோனார்கள், எண் பூஜ்யத்துக்கு வந்து அப்படியே நின்றது. உன் பூஜ்யம் அக்கா. அசையவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, முகமூடி இருந்தது நல்லதாகப் போயிற்று.

"துருப்பிடிக்காத எஃகு காந்தமாகாதுன்னுதானே..." என்று அவர் இழுத்தார். அந்த வயதான அம்மா உன் பழைய வரைபடத்தை விரித்து, "சுருட்டினா ஆகும், எஃகு போடாதீங்கன்னு ஓரத்துலயே எழுதியிருக்காங்களே சார். நீங்க இதைப் படிச்சதே இல்லையா?" என்றார். படித்தேன் என்றாலும் மாட்டினார், படிக்கவில்லை என்றாலும் மாட்டினார். பேந்தப் பேந்த முழித்தார். நீ பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டாயே, உனக்காக நான் நன்றாகப் பார்த்துவைத்தேன்.

சென்சார் தன்னுடையது என்று இப்போது அவரால் சொல்லவும் முடியாது. உன்னுடையது என்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். காந்தமானியின் பொறுப்பை உன்னிடம் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. முதலில் பொய் சொன்னதற்குக் கண்டித்து ஒரு தாளும் வருமாம்.

நேற்று என் மேசைக்கு வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. குரல் இறங்கியிருந்தது. "இந்த வில் விஷயமா எழுதற அறிக்கையில என் பேரு வராம பார்த்துக்கச் சொல்லும்மா உங்க அக்காகிட்ட. நான் அவளை மதிச்சவன்தான்" என்றார். நான் "சரிங்க சார், எழுதறேன்" என்றேன். எழுதிவிட்டேன்.

என்ன செய்யப்போகிறாய்?

உன் தங்கை

ஜனவரி 6

அன்புத் தங்கைக்கு,

சுகம். முழங்கால் வலியைப் பற்றி நினைக்க நேரமில்லை. உனக்கு இருமல் இல்லையே?

கண்டனத் தாள் வந்தது. நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். கூடவே நியமன ஆணையும் வந்தது. எடையளவு அலுவலகத்தில் எல்லாரும் கைதட்டி அனுப்பினார்கள். அடுத்த வாரம் அங்கே வருகிறேன், உன் அறையில் எனக்கும் ஒரு பாய் போடு.

நல்ல சேதி, வில்லின் காந்தம் மாறாமல் ஒரே அளவில் நிற்கிறது. ஒரே அளவுப் பொய்யைக் கழித்துவிடலாம். விண்கலத்தை மாதம் ஒருமுறை மெல்லச் சுழற்றச் சொல்வேன். கலத்தின் சொந்தக் காந்தம் கலத்தோடு சேர்ந்து சுற்றும், சூரியனுடையது சுற்றாது. எது எவ்வளவு என்று பிரித்துவிடலாம். டிசம்பரில் ஒருமுறை சுழற்றினார்கள், எண்களை எனக்கு அனுப்பினார்கள். பொய்யைக் கழித்து செப்டம்பர் பதினெட்டாம் தேதியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கரோனாவிலிருந்து கிளம்பி வந்த அந்த முறுக்கு, வடக்கில் தொடங்கி நிதானமாகத் திரும்பித் திரும்பிப் போகிறது தங்கையே. முதல் நாளிலிருந்தே அது சரியாகத்தான் பார்த்திருக்கிறது. குருடாக இருக்கட்டும் என்று நான் சபித்ததற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்டு வாய்விட்டு அழுதேன்.

இப்போது மேதாவியின் விண்ணப்பத்துக்கு வருகிறேன். அறிக்கையில் அவன் பெயர் வரக்கூடாது என்கிறான். அறிக்கையில் போடவில்லை, சொல்லிவிடு. அறிக்கையை ஒருமுறை படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

காந்தமானியின் கையேட்டை நான்தான் எழுத வேண்டும். உலகத்தில் யார் அந்த எண்களை எடுத்தாலும் முதலில் அந்தப் பொய்யைக் கழித்தாக வேண்டும். கழிக்கிற அளவுக்கு ஒரு பெயர் வேண்டும் அல்லவா? கண்டுபிடித்தவர் பெயரையோ காரணமானவர் பெயரையோ வைப்பது எங்கள் வழக்கம். அவன் முழுப்பெயரை, இனிஷியலோடு, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் வைத்தேன். குழு ஒப்புக்கொண்டுவிட்டது. கருவி என் பெயரில் இருக்கிறது, கழிக்க வேண்டியது அவன் பெயரில் இருக்கிறது.

நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை என்று சொல். மீதியை அவனே புரிந்துகொள்வான். அந்தக் காந்தமானி விநாடிக்கு எட்டு முறை அளக்கிறது. எட்டு முறையும் அவனைக் கழித்துவிட்டுத்தான் சூரியனைப் பார்க்க முடியும், ஞாயிற்றுக்கிழமை உட்பட.

உன் அக்கா